அத மட்டும் எடுத்துடாதீங்க

"அந்த தோல் துண்ட மட்டும் எடுத்துடாதீங்க தம்பி"ன்னு செருப்பு தைக்கிற பெரியவர் சொன்னது என் காதுல நல்லாவே விழுந்துச்சு. விழலைன்னு சொல்லி தப்பிக்க முடியாது, ஏன்னா நான் 'ம்' கொட்டினேன். அந்த 'ம்' தான் இப்ப வரைக்கும் இடிக்குது.

குன்னூர்ல நான் தையல் மிஷின் ரிப்பேர் பாக்குறேன். உஷா, மெரிட், சின்ன யூனிட்டுங்கள்ல ஓடுற ஜூக்கி, இதான் தினப்படி சோறு. தோல் தைக்கிற மிஷின் வருஷத்துக்கு மூணோ நாலோ வரும். பெரியவரோடது சிங்கர் 29கே, செருப்புக் கடைங்கள்ல பாத்திருப்பீங்க, நீளமான மெல்லிசு கை, ஷூவுக்குள்ளயே போய் தைக்கும், மேல இருந்து தோல அழுத்திப் பிடிக்கிற பாதம் முழுசா ஒரு வட்டம் சுத்தும், அதனால ஷூவ திருப்ப வேண்டியதே இல்ல, பாதத்த திருப்பினா போதும். அவரோடது 18 இன்ச் கை. ஒரு கையால சக்கரத்த சுத்திக்கிட்டே இன்னொரு கையால பாதத்த திருப்புவாரு, பாத்துட்டே நிக்கலாம்.

கம்ப்ளெயின்ட் என்னன்னா தையல் சின்னதாயிடுச்சு. நீளத்த முழுசா கூட்டி வச்சாலும் இன்ச்சுக்கு ஒம்பது பத்து விழுது. துணிக்கு அது பரவால்ல. தோலுக்கு ஆகாது, ஓட்டை நெருங்க நெருங்க தபால் தலை கிழியுற மாதிரி தையல் ஓரமாவே தோல் கிழிஞ்சு வந்துடும். இந்த மிஷின்ல மத்ததுல மாதிரி கீழ பல் கிடையாது, மேல இருக்குற பாதமே தோல கவ்வி இழுத்து நகத்தும். அந்த பாதத்த தள்ளுறது கிராங்க்னு ஒரு வளைஞ்ச நெம்புகோல், அதோட முனை வருஷக்கணக்கா தேஞ்சு தேஞ்சு ஆட்டம் குடுத்துடும், ஆட்டம் எவ்வளவோ அவ்வளவு தையல் நீளம் போச்சு. பழைய 29கே எல்லாத்துக்கும் வர்ற வியாதி தான்.

பார்ட் தேடுன கதைய சொல்லணும், ஏன்னா என் திமிருக்கு பாதி காரணம் அதுதான்னு நினைக்கிறேன். 29கே-ல இருக்குற கே, ஸ்காட்லாந்து கிளைடுபேங்க்ல இருந்த கில்போவி ஃபேக்டரிய குறிக்குது. அது 1980-லயே மூடிட்டாங்க. அதுக்கப்புறம் கிடைக்கிறதெல்லாம் யாரோ கடையில தூங்குற பழைய ஸ்டாக், இல்லன்னா செத்த மிஷின்ல கழட்டினது, இல்லன்னா காப்பி. காப்பி போட்டா துளை கொஞ்சம் தள்ளி இருக்கும். சரி லேத்ல அடிச்சுக்கலாம்னு பாத்தா சிங்கர்காரன் மரை தனி மரை, நம்ம மில்லிமீட்டர் போல்ட்டும் ஏறாது, பழைய இன்ச் போல்ட்டும் ஏறாது. பழைய கிராங்குக்கே பித்தளை பத்த வச்சு அரம் ராவி ஓட்டலாம், நிறைய பேர் அப்படித்தான் ஓட்டுறாங்க, நானும் செஞ்சிருக்கேன், ஆறு மாசம் தாங்கும்.

இந்த தடவ ஒழுங்கா செய்யணும்னு ஒரு வெறி. கோயம்புத்தூர் உக்கடத்துல பழைய இரும்புக் கடைங்கள்ல ஒரு நாள் அலைஞ்சேன், ஒண்ணும் தேறல. அப்புறம் வேற ஒரு வேலைய சாக்கு வச்சு மேட்டுப்பாளையத்துல நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி காலைல சென்ட்ரல்ல இறங்கி பெரியமேட்டுக்கு நடந்தேன். தோல் சாமான் விக்கிற தெருவெல்லாம் சுத்தி நாலாவது கடையில ஒருத்தர் பரண்ல இருந்து ஒரு டப்பாவ இறக்கினாரு. பழைய சிங்கர் பார்ட்ல நம்பர் அடிச்சிருப்பான், அந்த நம்பர் தான் அதுக்கு ஜாதகம். பெரியவரோட கிராங்க்ல பாதி நம்பர் தேஞ்சு போய் கடைசி மூணு எழுத்து தான் தெரிஞ்சுது, பார்ட்ஸ் லிஸ்ட்ல படத்த பாத்து மீதிய கண்டுபிடிச்சு எழுதிட்டு போயிருந்தேன். டப்பாவுல இருந்தது அதே நம்பர், கிரீஸ் தடவின பேப்பர்ல சுத்தி, ஒரு தடவ கூட மாட்டாதது. எனக்கு கை நடுங்குச்சு, சிரிக்காதீங்க.

மேனுவல்னு நாம ஒரே வார்த்தையா சொல்றோம், உண்மையில மூணு புக்கு. ஓட்டுறவனுக்கு ஒண்ணு, எங்க எண்ணெய் விடணும், நூல் எப்படி கோக்கணும், அவ்வளவு தான் இருக்கும். பார்ட்ஸ் லிஸ்ட் ஒண்ணு, படமும் நம்பரும். டைமிங் எப்படி வைக்கணும், ஊசிய பிடிச்சிருக்குற ஊசிக்கம்பி எந்த உயரத்துல நிக்கணும், இதெல்லாம் மெக்கானிக்குக்குன்னு போட்ட மூணாவதுல இருக்கும், அது தான் கிடைக்காது. முதல் ரெண்டும் ஸ்கேன் பண்ணது வாங்கி வச்சிருந்தேன், மூணாவதுல எட்டு பக்கம் மட்டும் ஒருத்தர் கிட்ட ஜெராக்ஸ் எடுத்தது. அந்த எட்டு பக்கம் கையில இருக்குறப்ப எனக்கு யார் சொல்றதும் காதுல ஏறாது, அது தான் உண்மை.

ஜூலை மாசம், விடாம மழை. மிஷின கடைக்கே தூக்கிட்டு வந்து கழட்டினேன். மேல பாதத்த அழுத்துற தட்டை ஸ்பிரிங் இருக்குல்ல, அதுக்கு அடியில அந்த துண்டு. கட்டை விரல் நகம் அளவு, எண்ணெய் குடிச்சு குடிச்சு புளியங்கொட்டை மாதிரி கறுத்து பளபளன்னு, ஸ்பிரிங்கோட அச்சு அதுல அப்படியே பதிஞ்சிருந்துச்சு. எந்த படத்துலயும் இல்ல, எந்த நம்பரும் இல்ல. நூல் கோக்குறதுக்கு அவர் வச்சிருந்த கம்பியும் ஒரிஜினல் இல்ல தான், இந்த மிஷின்ல ஊசிக்கம்பி உள்ள துளையா இருக்கும், மேல இருந்து கொக்கி வச்ச நீளக் கம்பிய விட்டு நூல இழுக்கணும், அவர் சைக்கிள் பிரேக் கேபிள்ல ஒரு இழைய பிரிச்சு முனைய வளைச்சு வச்சிருந்தாரு. அத பாத்து மனுஷன் மூளைய பாருன்னு மெச்சிக்கிட்டு பத்திரமா எடுத்து வச்சேன். கம்பி எனக்கு புரிஞ்சுது, வச்சேன். தோல் துண்டு புரியல, குப்பையோட கூட்டி தள்ளிட்டேன். வித்தியாசம் அவ்வளவு தான், இப்ப எழுதும்போது தான் எனக்கே தெரியுது.

இன்னொண்ணும் பாத்தேன். ஊசிக்கம்பி இருக்க வேண்டிய உயரத்த விட மேல நின்னுச்சு. கீழ் நூல் வச்சிருக்குற சட்டிலோட முனை வந்து ஊசிக்கண்ணுக்கு கொஞ்சம் மேல உரசுற மாதிரி போய் நூல் வளையத்த பிடிக்கணும், அந்த கணக்குக்கு நான் போட்ட 29 எக்ஸ் 4 நம்பர் ஊசிக்கு உயரம் தப்பு. யாரோ தெரியாம ஏத்தி வச்சிருக்கான்னு நினைச்சு எட்டு பக்கத்துல சொன்னபடி இறக்கி வச்சேன்.

அவர் வந்தாரு. தைச்சு காட்டினேன், இன்ச்சுக்கு அஞ்சு, வரிசையா, ஒரு தையல் தப்பல. எனக்கு பெருமை தாங்கல. அவர் தையல பாக்கவே இல்ல. விரல ஸ்பிரிங்குக்கு அடியில விட்டு தடவிப் பாத்தாரு.

"எடுத்துட்டீங்களா?"

"அதுக்கு இனிமே வேலை இல்லண்ணே, புது பார்ட் போட்டாச்சு."

"சரி தம்பி."

அவ்வளவு தான். ரெண்டாயிரத்து நானூறு ரூபாய நூறும் அம்பதுமா எண்ணி குடுத்தாரு, குறைக்க சொல்லவே இல்ல, ஆட்டோவுல ஏத்திட்டு போயிட்டாரு.

அந்த 'சரி'ய நான் எத்தன தடவ ஓட்டி பாத்தேன்னு கணக்கில்ல. கோவமா இருந்தா நான் சமாளிச்சிருப்பேன், என் கிட்ட எட்டு பக்கம் இருக்கே. கோவம் இல்ல. இவன் கிட்ட பேசி ஆகப்போறது ஒண்ணும் இல்லன்னு முடிவு பண்ணவங்க சொல்ற 'சரி' அது. இல்ல, நானா அப்படி நினைச்சுக்கிறேனோ என்னவோ, அவர் எதுக்கும் சரின்னு தான் சொல்லுவாரு, டீ வேணுமான்னா கூட சரி தான்.

மூணு வாரம் கழிச்சு மார்க்கெட் பக்கம் போனப்ப பாக்குறேன், மிஷின் மேல பிளாஸ்டிக் ஷீட்டு மூடிக் கிடக்கு, மனுஷன் குத்தூசியும் மெழுகு நூலும் வச்சு கையால தைச்சிட்டு இருக்காரு. மழைக்காலம் தான் அவருக்கு சீசனே, ஸ்கூல் ஷூ எல்லாம் ஊறி வாய பொளந்துட்டு வர்ற நேரம், பக்கத்துல ஒரு மூட்டை நிறைய கிடக்கு. என்னண்ணேன்னேன். "ஊசி உடையுது தம்பி"ன்னாரு, குத்தம் சொல்ற குரல்ல இல்ல, மழை பெய்யுதுன்னு சொல்ற மாதிரி.

அவர் கிட்ட இருந்த ஊசி டப்பாவ வாங்கி பாத்தேன். வேற நம்பர், என்னோடத விட நீளம். சரியான ஊசி இந்த ஊர்ல கிடைக்காததால கிடைச்ச ஊசிக்கு ஏத்த மாதிரி ஊசிக்கம்பிய ஏத்தி வச்சிருந்திருக்காரு. தெரியாம இல்ல, தெரிஞ்சு தான். நான் இறக்கி வச்சதும் அந்த நீள ஊசி கீழ போய் இடிச்சு படக்குன்னு உடையுது. நான் மாட்டி குடுத்த ஊசி நாலு நாள் தான் வந்திருக்கு. ஊசிய மாத்தணும்னு நான் சொன்னேனா? சொன்ன மாதிரி தான் ஞாபகம். இனிமே இந்த நம்பர் தான் போடணும்னு டப்பாவ கூட காட்டின மாதிரி இருக்கு. ஆனா டப்பா இன்னும் என் டிராயர்ல தானே இருக்கு, அப்புறம் எப்படி காட்டினேன்?

என் பக்கம் நியாயம் இல்லாம இல்ல. புக்குப்படி வைக்கிறது தான் ரிப்பேர். ஒவ்வொருத்தர் கைவாகுக்கும் ஏத்த மாதிரி மிஷின வச்சா அடுத்தவன் தொட முடியாது, அவருக்கு அப்புறம் அத யாராவது ஓட்டணும்ல. நீள ஊசி போட்டு ஓட்டுறது சட்டிலுக்கும் நல்லதில்லன்னு இப்பவும் சொல்லுவேன். அதோட தையல் நீளத்த நான் சரி பண்ணி தான் குடுத்தேன், அவர் கேட்டது அதானே. ஆனா அவர் கேட்டது ரெண்டு விஷயம். ஒண்ணு தையல் நீளம். இன்னொண்ணு அத எடுக்காதீங்க.

மேல் குன்னூர்ல ரிட்டயர் ஆன இன்ஜினியர் ஒருத்தர் இருக்காரு, பாட்டி காலத்து கை மிஷின் வச்சிருக்காரு. இந்த எண்ணெய தவிர வேற எதையும் விடாதீங்கன்னு ஒரு எண்ணெய் பேர் சொன்னாரு, எனக்கு அதுல துளி நம்பிக்கை இல்ல, ஆனா பேனா எடுத்து எழுதிக்கிட்டேன், தேடி வாங்கியும் விட்டேன், சரிங்க சார்னு ரெண்டு தடவ சொன்னேன். பெரியவரும் அதே மாதிரி ஒரே ஒரு வாக்கியம் தான் சொன்னாரு. நாப்பது வருஷம் அந்த மிஷின ஓட்டுன ஆளு, தரையில சாக்கு விரிச்சு உக்காந்து சொன்னாரு. இதுக்கு மேல இத எழுத எனக்கு கூச்சமா இருக்கு.

அன்னைக்கே சரி பண்ணி தரேண்ணேன்னேன், மழை விடட்டும் தம்பின்னுட்டாரு. ஆகஸ்ட் கடைசியில போய் அவர் கடையிலயே உக்காந்து ஊசிக்கம்பிய பழைய உயரத்துக்கு ஏத்தி வச்சேன், காசு வாங்கல, வாங்காததுக்கும் அவர் ஒண்ணும் சொல்லல. அப்ப தான் கவனிச்சேன், ஸ்பிரிங் அடியில புதுசா ஒரு துண்டு, வெளுப்பா, இன்னும் எண்ணெய் ஏறல. அவரே வெட்டி வச்சிருக்காரு. தயங்கி தயங்கி கேட்டேன், இது எதுக்குண்ணே?

"அது அங்க இருக்கணும் தம்பி."

வேற விளக்கம் கிடையாது. ஸ்பிரிங் தளந்திருக்கும், கூட அழுத்தம் குடுக்க வச்சிருப்பாரு, ஆனா அதுக்கு திருகாணி இருக்கே, நான் திருகி பாத்தேன், நல்லாவே பிடிக்குது. டக்கு டக்குன்னு வர்ற சத்தத்த குறைக்க இருக்கலாம். ஈரத்துல ஸ்பிரிங் துரு பிடிக்காம எண்ணெய் ஊறிட்டே இருக்கட்டும்னு இருக்கலாம், இந்த ஊர் பனிக்கு அது தப்பில்ல. இல்ல, ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். ஊசி விஷயத்துல நான் தப்பு பண்ணேன்னு ஒத்துக்கிறது எனக்கு ஈசியா இருக்கு, ஏன்னா அதுக்கு கணக்கு இருக்கு, இத்தனை மில்லிமீட்டர்னு அளந்து காட்டலாம். தோல் துண்டுக்கு கணக்கு இல்ல, அதனால அது தான் உறுத்துது. அது ஒண்ணுத்துக்கும் உதவாததாவே இருந்தாலும் நான் எடுத்தது சரின்னு ஆயிடாதுல்ல? ஆயிடும்னு ஒரு மனசு சொல்லுது, மெக்கானிக் மனசு.

போன வாரம் கோத்தகிரியில ஒரு பை தைக்கிற இடத்துல பழைய மிஷின் ஒண்ணு திறந்தேன். நூல் டென்ஷன் தட்டுக்கு பின்னாடி பீடி கட்டு லேபிள மடிச்சு மடிச்சு சொருகி வச்சிருந்துச்சு. குப்பையில போடல. ஒரு தீப்பெட்டியில போட்டு, மேல பேனாவால 'டென்ஷன் பின்னாடி'ன்னு எழுதி பையில வச்சுக்கிட்டேன். ஓனர் எனக்கு எதிர்ல தான் நின்னாரு, கையில டீ டம்ளரோட. இது எதுக்குங்கன்னு அவர கேக்கல.