நங்கூரம் மண்ணுக்குள் இறங்கிவிட்டதா?

இரவு இரண்டு மணி இருக்கும். படகு ஆடுகிற விதம் மாறியதில் விழிப்பு வந்துவிட்டது. அதுவரை காற்றுக்கு முகம் காட்டி நின்ற படகு, பக்கவாட்டில் காற்றை வாங்கிக்கொண்டு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. படகின் முன்முனையான அணியத்துக்கு ஓடிப்போய் நங்கூரச் சங்கிலியில் கை வைத்தேன். கரகரவென்று ஒரு நடுக்கம், ஒரு வெட்டு, மறுபடி நடுக்கம். நங்கூரம் தரையைச் சுரண்டிக்கொண்டே வருகிறது. மனைவி அதற்குள் எஞ்சினைக் கிளப்பியிருந்தாள். பாறைக்கரை நாலு படகு நீளத்தில் இருக்கும்போது நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். விடியும்வரை கடலில் வட்டமடித்தோம்.

எங்களுடையது 9 மீட்டர் பாய்மரப் படகு, எடை சுமார் 5 டன். அன்று செய்த தவறு கணக்கில்தான். சாயங்காலம் ஆழம் 4 மீட்டர். ஆழத்தைப் போல் 5 மடங்கு சங்கிலி என்று 20 மீட்டர் விட்டிருந்தேன். ஆனால் ஆழத்தை அளக்க வேண்டியது நீர்மட்டத்திலிருந்து இல்லை. சங்கிலி வெளியேறுகிற ரோலரிலிருந்து. அது தண்ணீருக்கு மேலே 1 மீட்டர். அதோடு ஓதத்தால் கடல்மட்டம் இரவில் 2 மீட்டர் ஏறியது. ஆக, உண்மையான உயரம் 7 மீட்டர். விட்டிருக்க வேண்டியது 35. நான் விட்டது மூன்று மடங்குகூட இல்லை. சங்கிலி குறைந்தால் இழுப்பு மேல்நோக்கிப் போகிறது. நங்கூரம் புதைவதற்குப் பதில் பெயர்ந்துகொள்கிறது.

இன்னொரு காரணமும் இருந்தது. காற்றின் திசை நேர் எதிராக மாறியிருந்தது. எங்களிடம் இருந்தது இரண்டு தட்டையான இலைகள் மடங்கி ஆடுகிற வகை. எடை குறைவு, மணலிலும் சேற்றிலும் நன்றாகவே பிடிக்கும். ஆனால் திசை மாறி ஒருமுறை பிடுங்கிக்கொண்டால், மறுபடி புதையும் என்று நம்ப முடியாது. மேலே ஏற்றிப் பார்த்தபோது, இலைக்கும் தண்டுக்கும் நடுவே கைமுட்டி அளவு கல் இறுகச் சிக்கியிருந்தது. இலை திரும்பவே வழியில்லை. அதை இப்போது பின்பக்கம் போடுகிற துணை நங்கூரமாக வைத்திருக்கிறேன்.

புதிதாக வாங்க உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. 5 டன் படகை 15 கிலோ இரும்பு எடையால் நிறுத்திவைக்க முடியுமா? முடியாது. நிறுத்துவது மண். நங்கூரத்தின் வேலை மண்ணுக்குள் இறங்குவது. இதை நன்றாக யோசித்தவர்களில் ஒருவர் ஜி.ஐ. டெய்லர், திரவ இயக்கவியலில் பெரிய பெயர். தன் படகுக்காகக் கலப்பை வடிவ நங்கூரம் ஒன்றை 1933-இல் உருவாக்கினார். அதன் பெயர் சி.க்யூ.ஆர்.; வேகமாகச் சொன்னால் 'செக்யூர்' என்று காதில் விழும். உழுகிற கலப்பைக்கும் புதைகிற நங்கூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பின்னால் வந்தவர்கள் இன்னும் தேடினார்கள். நான் தேர்ந்தெடுத்தது குழிந்த கத்தியும் மேலே வளைந்த கம்பியும் கொண்ட ரோக்னா வகை, 15 கிலோ. எப்படி விழுந்தாலும் அந்தக் கம்பி அதைப் புரட்டி, கத்தியின் முனை மண்ணைப் பார்க்கும்படி செய்துவிடும். தயாரிப்பாளர் அட்டவணையில் உங்கள் படகின் எடை இரண்டு அளவுகளுக்கு நடுவில் நின்றால், ஒரு அளவு பெரியதை எடுங்கள். காற்றின் வேகம் 15 நாட் (knot) என்பது 30 ஆனால், படகின் மீதான விசை இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு.

சங்கிலி 8 மி.மீ., 40 மீட்டர். மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ என்பதால் அதற்கு மேல் போனால் அணியம் தாழ்ந்துவிடும். மிச்சத்துக்கு 30 மீட்டர் மூன்று புரி நைலான் கயிறு. சங்கிலிக் கண்ணியின் அளவு, அதை ஏற்றி இறக்குகிற விண்ட்லாஸ் இயந்திரத்தின் சக்கரத்தோடு பொருந்துகிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். 10 மீட்டருக்கு ஒரு நிறம் பூசியிருக்கிறேன். இருட்டிலும் டார்ச் ஒளியில் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும்.

நங்கூரத்தையும் சங்கிலியையும் இணைக்கிற ஷாக்கிளை மட்டும் நான் யாரிடமும் விடமாட்டேன். திருகாணியை இறுக்கி, அதன் கண் வழியாக மெல்லிய துருப்பிடிக்காத கம்பியை இரண்டு சுற்று நுழைத்து, முனைகளைக் குறடால் முறுக்கி, கையைக் கிழிக்காதபடி உள்பக்கம் மடக்குவேன். சங்கிலியும் கயிறும் முடிகிற கடைசி முனையைப் படகின் உள்ளே உறுதியான வளையத்தில் கட்ட வேண்டும். ஆனால் அந்தக் கட்டு தளத்துக்கு எட்டுகிற நீளத்தில் இருக்கட்டும். ஆபத்தில் கத்தியால் அறுத்துவிட்டுப் போகலாம்.

போடும் முறை சுருக்கம்தான், ஆனால் பொறுமை வேண்டும். காற்றை எதிர்கொண்டு வந்து, படகு முழுசாக நின்ற பிறகு இறக்குங்கள். படகு பின்னால் போகப்போக சங்கிலியை விடுங்கள்; மொத்தமாகக் கொட்டினால் குவியலாகிச் சிக்கிக்கொள்ளும். 5 மடங்கு விட்டதும் எஞ்சினை ரிவர்ஸில் மெதுவாகப் போட்டு, பிறகு நிமிடத்துக்கு 2000 சுழற்சிவரை ஏற்றுங்கள். அப்போது கை சங்கிலியில் இருக்கட்டும். புதைந்த நங்கூரத்தின் சங்கிலி விறைக்கும், நடுங்காது. கரையில் ஒரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு பாறையையும் ஒரே கோட்டில் பிடித்துக்கொள்வேன். அந்தக் கோடு கலையவே கூடாது.

சரி, பிடித்துவிட்டது. அப்புறம் ஸ்னப்பர்: 8 மீட்டர் நைலான் கயிற்றைக் கொக்கியால் சங்கிலியில் மாட்டி, தளத்தில் உள்ள கட்டுமுளையில் கட்டி, சங்கிலியைத் தொய்ய விடுவேன். பலத்த காற்றில் சங்கிலி நேராகிவிடும், அதற்கு மேல் அதில் நெகிழ்ச்சி இல்லை. அடிபடுவதைத் தாங்குவது அந்தக் கயிறுதான், விண்ட்லாஸ் இல்லை.

இப்போதெல்லாம் எஞ்சினை அணைத்து, நங்கூர விளக்கை ஏற்றிவிட்டு அரை மணி நேரம் அணியத்திலேயே உட்கார்ந்திருப்பேன். மனைவி கீழேயிருந்து, "கோடு அப்படியே இருக்கா?" என்பாள். இருக்கு என்றால்தான் சாப்பாடு அடுப்பில் ஏறும்.