ஆர்பிஎஸ்ஏவோடு சில வருடங்கள்

புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட் சோதனை செய்கிறவர்கள், ஆர்பிஎஸ்ஏ என்ற புரதத்தின் பெயரைக் கேட்டால் முதலில் கேட்பது, "உனக்கு எங்கே பேண்ட் வந்தது?" என்பதைத்தான். பேண்ட் என்பது புரதம் நிற்கும் இடத்தில் தெரியும் கோடு. இது 295 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். கணக்குப் போட்டால் எடை 33 கிலோடால்டன். ஜெல்லில் ஓடுவதோ 37-இல். அதன் வால்பகுதியில் அமிலத்தன்மை உள்ள அமினோ அமிலங்கள் அதிகம், அப்படிப்பட்ட புரதங்கள் மெதுவாகத்தான் ஓடும் என்று இதற்காவது ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். தலைவலி 67-இல் தெரியும் இன்னொரு பேண்டில்தான்.

இந்தப் புரதம் இரண்டு இடங்களில் வேலை பார்க்கிறது. செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் சிறிய துணையலகில் உள்ள 33 புரதங்களில் இதுவும் ஒன்று. இது இல்லாமல் அந்தத் துணையலகு ஒழுங்காக உருவாகாது. இதுவே செல்லின் வெளிப்பரப்பிலும் நின்று, செல்களுக்கு வெளியே உள்ள லேமினின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. 1983-இல் வெவ்வேறு ஆய்வுக்குழுக்கள் லேமினினோடு ஒட்டும் புரதத்தைச் செல்சவ்வில் இருந்து பிரித்தெடுத்தபோது எடை 67 என்று வந்தது. பிறகு அதற்கான மரபணுவைத் தேடிப் போனவர்கள் கையில் கிடைத்தது 37-க்கான செய்தி மட்டும்தான். இரண்டு 37 சேர்ந்தால் 74 ஆக வேண்டும். கொழுப்பு அமிலம் ஒட்டுவதால் இப்படி ஆகிறது என்று ஒரு விளக்கம் உண்டு. வேறு புரதத்தோடு ஜோடி சேர்கிறது என்றும் சொல்கிறார்கள். போதாததற்கு, சவ்வுக்குப் போகும் புரதங்களில் வழக்கமாக இருக்கும் முகவரித் துண்டும் இதில் கிடையாது. சவ்வை ஊடுருவி நிற்கும் என்று முன்பு நினைத்த பகுதியோ, 2008-இல் வந்த படிக அமைப்பில் புரதத்தின் உள்ளே மடிந்து புதைந்து கிடந்தது.

நான் வேலை பார்த்த இடத்தில் 67-இல் பேண்ட் தெரிந்தால் மீட்டிங்கில் எல்லோர் முகமும் மலரும். எனக்கு அந்த அளவு உற்சாகம் வந்ததில்லை. ஒரே மெம்பரேனில் ஆன்டிபாடியை மாற்றினால் 67 மங்கும், 37 அப்படியே இருக்கும். ஆனால் செல்லில் துளை போடாமல், செத்த செல்களைச் சாயம் வைத்து ஒதுக்கிவிட்டு செல்களை ஒவ்வொன்றாக ஒளிக்கற்றை வழியே ஓடவிட்டு அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பார்த்தால், மேற்பரப்பில் அது இருக்கத்தான் செய்கிறது. சிண்ட்பிஸ் வைரஸ், டெங்குவின் முதல் வகை, மூளை நோய் உண்டாக்கும் பிரியான் புரதம் என்று பலதும் இதைப் பிடித்துக்கொள்வதாகக் கட்டுரைகள் உண்டு. கிரீன் டீயில் உள்ள இஜிசிஜி என்ற பொருளும் இதில் ஒட்டும் என்று ஜப்பானின் க்யூஷு பல்கலைக்கழகத்தார் 2004-இல் காட்டினார்கள். இதை வீட்டில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அத்தை எனக்குக் காபி தருவதில்லை.

மரபணு இருப்பது 3-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில். அது ஒன்றுதான் அசல். ஜீனோம் முழுக்க இதன் போலி மரபணுக்கள், அதாவது வேலை செய்யாத நகல்கள், அறுபதுக்கும் மேல் சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலானவை ஆர்என்ஏவிலிருந்து திரும்ப டிஎன்ஏவாக எழுதப்பட்டு எங்கெங்கோ போய்ச் செருகிக்கொண்டவை. அதனால் அவற்றில் இன்ட்ரான் (மரபணுவின் நடுவே இருந்து, ஆர்என்ஏ தயாராகும்போது வெட்டி எறியப்படும் பகுதி) கிடையாது.

இது என்ன பாடு படுத்தும் என்பதைப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் க்யூபிசிஆரில், அதாவது ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி நகலெடுத்து அளவிடும் சோதனையில், பார்த்தேன்.

"அக்கா, ஆர்டி போடாத டியூப்லயும் வந்திருக்கு. கன்டாமினேஷனா?"

"தண்ணி டியூப்ல?"

"அதுல ஒண்ணும் இல்ல."

ஆர்டி என்பது ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் நொதி; அது போடாத டியூபில் ஒன்றும் வரக்கூடாது. தண்ணீர் டியூப் சுத்தம், அப்படியானால் ஆர்என்ஏவோடு கொஞ்சம் டிஎன்ஏவும் சேர்ந்து வந்திருக்கிறது. மற்ற மரபணுக்களில் நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் பிரைமரை இரண்டு எக்ஸான்களில் (வெட்டியபின் ஆர்என்ஏவில் எஞ்சும் பகுதிகள்) தள்ளித் தள்ளி வைத்துவிட்டால் தப்பிக்கலாம். நடுவில் உள்ள இன்ட்ரான், டிஎன்ஏவிலிருந்து வரும் துண்டைப் பெரிதாக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே அந்த வித்தை செல்லாது. போலிகளில் இன்ட்ரானே இல்லாததால், அவற்றிலிருந்து வரும் துண்டும் அசல் ஆர்என்ஏவிலிருந்து வரும் துண்டும் ஒரே நீளம். துண்டின் இழைகள் பிரியும் வெப்பநிலையைக் காட்டும் மெல்ட் கர்வும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். டிஎன்ஏவை அழிக்கும் டிஎன்ஏஸ் நொதி போட்டு மறுபடி ஓட்டச் சொன்னேன். அந்த டியூப் காலியானது, ஆர்பிஎஸ்ஏவின் அளவும் இறங்கியது. மருந்து கொடுத்த செல்களில் இது கூடுகிறது என்று அவள் போட்டிருந்த அழகான பார் வரைபடம் பாதிக்கு வந்துவிட்டது. பாவம், அன்று மதியம் சாப்பிடவே இல்லை.

அப்புறம் நான் எக்ஸோம் (மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகளை வாசிக்கும் சோதனை) அறிக்கை எழுதும் வேலைக்கு மாறினேன். அங்கேயும் ஆர்பிஎஸ்ஏ வந்து நின்றது. அந்தக் கோப்பில் பெரிதாகக் குறிப்பு ஒன்றும் இல்லை: குழந்தைக்கு நியூமோகாக்கஸ் பாக்டீரியாத் தொற்று, ஸ்கேனில் மண்ணீரல் தெரியவில்லை, இரத்தப் பூச்சில் மண்ணீரல் வேலை செய்யாதபோது தெரியும் ஹோவெல்-ஜாலி துணுக்குகள், இதயம் நார்மல். 2013-இல் நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்துக் குழு, பிறவியிலேயே மண்ணீரல் மட்டும் இல்லாதவர்களை ஆராய்ந்து, 8 குடும்பங்களைச் சேர்ந்த 18 பேருக்கு ஆர்பிஎஸ்ஏவின் ஒரு பிரதியில் பிழை இருப்பதைக் கண்டுபிடித்திருந்தது. உடம்பில் எல்லாச் செல்லுக்கும் வேண்டிய புரதம்; பாதி குறைந்தால் போவது மண்ணீரல் மட்டும். ஆர்பிஎஸ்19 போன்ற வேறு ரைபோசோம் புரதங்கள் குறைந்தால் டைமண்ட்-பிளாக்ஃபேன் இரத்தசோகை வருகிறது. இவர்களுக்கு அதுவும் இல்லை. இத்தனை வருடம் இந்தப் புரதத்தோடு இருந்தும் இது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அந்தக் குழந்தையின் தரவை ஐஜிவி என்ற மென்பொருளில் திறந்தால், ஆர்பிஎஸ்ஏ இடத்தில் பல ரீடுகள் (வாசித்த சிறு டிஎன்ஏ துண்டுகள்) வெள்ளையாக, உள்ளீடற்ற பெட்டிகளாகத் தெரிந்தன. அசலிலிருந்து வந்தவையா போலியிலிருந்து வந்தவையா என்று மென்பொருளால் முடிவு செய்ய முடியாத ரீடுகள் அப்படித்தான் தெரியும். மாற்றம் அசலில் இருக்கிறதா, ஏதோ ஒரு போலியில் இருக்கிறதா? சாங்கர் முறையில் அந்தத் துண்டை மட்டும் தனியாக வாசித்துத்தான் பார்க்க வேண்டும். க்யூபிசிஆரில் உதவாத இன்ட்ரான் இங்கே கைகொடுத்தது. பிரைமர் இரண்டையும் எக்ஸானின் இருபுறமும் இன்ட்ரானுக்குள் வைத்தோம். போலிகளில் அவை ஒட்ட இடமே இல்லை. மாற்றம் அசலில்தான் இருந்தது. அப்பாவுக்கும் இருந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் அவருக்கும் மண்ணீரல் இல்லை. அதுவரை அவருக்கே தெரியாது.

அறிக்கையில் பென்சிலின், நியூமோகாக்கஸ் தடுப்பூசி பற்றிய பரிந்துரையோடு, இனி பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்பதையும் எழுதினோம். இன்னொரு வரியை இதே அறிகுறியோடு வந்து ஒன்றும் கிடைக்காத கோப்புகளில் சேர்க்கிறேன். புரதத்துக்கான பகுதிக்கு முன்னால், மொழிபெயர்க்கப்படாத பகுதியில் உள்ள மாற்றங்களும் மண்ணீரலைப் பறிக்கும் என்று 2018-இல் தெரியவந்தது. அவை இருந்தும் மண்ணீரலோடு பிறப்பவர்களும் உண்டு. எக்ஸோம் கிட் பெரும்பாலும் அந்தப் பகுதியைச் சரியாகப் பிடிப்பதில்லை. ஆகவே "ஆர்பிஎஸ்ஏவில் மாற்றம் இல்லை" என்று மட்டும் எழுதி அனுப்பாமல், எந்தப் பகுதி வரை பார்த்தோம் என்பதையும் கீழே குறிப்பிடுகிறேன். வரி நீளமாக இருக்கிறது, வெட்டலாமே என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்கிறார்கள். நான் வெட்டுவதில்லை.