ஆடிக்காற்றும் ஆறிப்போன தாரும்

புதுச்சாலை கார்த்திகை மழையில் குண்டும் குழியுமானால் எல்லாரும் மழையைத்தான் திட்டுகிறோம். நெல்லை மாவட்டத்தின் தென்கோடியில் பணகுடி, காவல்கிணறு பக்கத்துச் சாலை என்றால், அதை எந்த மாதம் போட்டார்கள் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகச் சீறி வரும் காற்று காற்றாலைக்கு வரம். சூடான தார்க்கலவைக்கோ அது எமன்.

பழைய மேல்தளத்தைச் சுரண்டி 40 மி.மீ. புதிதாகப் போடுவதாக வைத்துக்கொள்வோம். மூன்றரை மீட்டர் அகலம், 100 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 33 டன் கலவை பிடிக்கும். விஜி-30 என்ற ரகத் தாரை ஜல்லியோடு பிளான்டில் 150 முதல் 165 டிகிரி செல்சியஸில் கலக்கிறார்கள். சூடு 90 டிகிரிக்கு இறங்குமுன் ரோலர் வேலை முடிந்திருக்கணும். காற்று அந்த அவகாசத்தைத்தான் தின்றுவிடுகிறது. தடிமனும் சேர்ந்துகொள்ளும்: 50 மி.மீ. தளம் ஆறுகிற நேரத்தில் பாதிகூட 30 மி.மீ. தளம் தாங்காது. வெயில் கொளுத்துகிறதே என்று நம்பக்கூடாது.

பழைய தளத்தைச் சுரண்டும் மில்லிங் மிஷின் டிரம்மில் ஒரு பல் தேய்ந்தாலும் அந்த வரிசையில் மேடு நிற்கும், அதன்மேல் புதுத்தளம் மெலியும். பற்களைக் குளிர்விக்கும் தண்ணீர் தூசியோடு குழைந்து காய்ந்து ஒட்டிக்கொள்ளும். கூட்டினால் மட்டும் போகாது, கம்ப்ரஸரால் ஊதணும். ஊதாமல் அப்படியே டாக் கோட், அதாவது புதுத்தளம் ஒட்டுவதற்கான தார்ப்பூச்சு அடித்தால், அந்த எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) தூசியைப் பிடிக்குமே தவிர சாலையைப் பிடிக்காது. சதுர மீட்டருக்குக் கால் கிலோ போதும். பூச்சு பழுப்பு மாறிக் கறுத்த பிறகே கலவை கொண்டுவரும் டிப்பர் லாரி ஏறணும்.

கலவையைச் சாலையில் பரப்பும் பேவர் மிஷினில் பலர் கவனிக்காத தப்பு ஒன்று உண்டு. ஒவ்வொரு லோடு முடிந்ததும் ஹாப்பரின் (டிப்பர் கலவை கொட்டும் முன்தொட்டியின்) இரண்டு சிறகையும் மடக்குவார்கள். ஓரத்தில் ஆறிக் கட்டியான கலவை நடுவில் விழுந்து தளத்துக்குள் போய்விடும். அடுத்த மழையில் சாலை சீரான இடைவெளியில் உதிர்ந்தால், பெரும்பாலும் லோடு மாறிய இடங்கள் அவை. டிப்பரைப் படுதாவால் முழுக்க மூடுங்கள். சிறகை அடிக்கடி மடக்காதீர்கள்.

முதல் ரோலர் பேவரை ஒட்டியே போகணும், அதன் ஓட்டுசக்கரம், அதாவது இன்ஜின் சுழற்றும் சக்கரம், பேவரைப் பார்த்திருக்கணும். பின்னால் 12 முதல் 15 டன் டயர் ரோலர். வேகம் மணிக்கு 5 கி.மீ. தாண்டக்கூடாது, சூடான தளத்தில் நிற்கவும் கூடாது. டயர் குளிர்ந்திருந்தால் கலவை ஒட்டிப் பிய்த்துக்கொண்டு வரும். அதற்கு டீசல் தடவுவது தாரையே கரைக்கும். சற்று ஓட்டி டயரைச் சூடாக்குவதுதான் வழி.

இறுகாத தளமும் பார்வைக்குக் கறுப்பாக, வழுவழுப்பாகத்தான் இருக்கும். உள்ளே காற்றிடைவெளி 8 சதவீதத்தைத் தாண்டினால் துளைகள் ஒன்றோடொன்று இணைந்து தண்ணீருக்கு வழி விடும். கையில் பிடித்துக் காட்டும், லேசர் புள்ளி விழும் சூடு பார்க்கும் கருவி மேற்பரப்புச் சூட்டை மட்டுமே சொல்லும், காற்றில் அது உள்சூட்டைவிடக் குறைவாக இருக்கும். கம்பி தெர்மாமீட்டரைத் தளத்தின் நடுத்தடிமன் வரை குத்திப் பாருங்கள், ஒவ்வொரு லோடுக்கும்.