1116 என்று போட்ட பணம்

தக்கலைப் பக்கம் பழைய வீடுகளில் அலமாரியை ஒதுக்கினால் சங்கு முத்திரை போட்ட காசு ஒன்றிரண்டு அகப்படும். எங்கள் ஆச்சியின் வெற்றிலைச் செல்லத்தில் கிடந்தது சின்ன வெள்ளிக் காசு. கூடவே 1116 என்று எண். "900 வருஷத்துக் காசு மக்கா, குலோத்துங்க சோழன் காலம்" என்று மாமா அடித்துச் சொன்னார். அதில் இங்கிலீஷ் எழுத்து இருந்ததைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

குழப்பத்தைத் தீர்த்தவர் ஒரு பத்திர எழுத்தர். திருவிதாங்கூர் காலத்து ஆவணங்களைப் பார்த்துப் பழகியவர். அங்கே வழங்கிய கொல்லம் ஆண்டுக் கணக்கு அவருக்கு விரல் நுனியில். காசில் இருந்ததும் அந்த ஆண்டுதான். ஆண்டு பிறப்பது ஆவணியில். இங்கிலீஷ் ஆண்டு தெரிய, அன்றிலிருந்து டிசம்பர் முடியும் வரை 824-ஐக் கூட்ட வேண்டும். ஜனவரி முதல் அடுத்த ஆவணி வரை 825. ஆக 1116 என்பது 1940 ஆகஸ்ட் முதல் 1941 ஆகஸ்ட் வரை. சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்து 'பணம்' என்ற நாணயம்.

அப்புறம்தான் சுவாரசியமே. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அதாவது 28 சக்கரம். ஆனால் பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் திருநெல்வேலிச் சீமை, அங்கே செல்லுபடியானது அந்த பிரிட்டிஷ் ரூபாய். எல்லை கடந்து வியாபாரம் பண்ணியவர்கள் ரூபாய்க்கு ரூபாய் இந்த அரைச் சக்கரத்தைக் கணக்கில் வைக்க வேண்டியிருந்தது. எனக்குக் காசைவிட இந்த அரைச் சக்கரம்தான் பிடித்துப்போனது.

அதற்கு முந்தைய வெள்ளிச் சக்கரம் இன்னும் பொடிசு, கையால் எண்ண முடியாது. அதற்கென்று குழி குழியாக வெட்டிய பலகை உண்டு. ஒரு பிடி காசை மேலே கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒன்று உட்காரும், மிச்சத்தைக் கையால் வழித்துவிட வேண்டும். குழிகள் நிரம்பினால் எண்ணிக்கை சரி. இந்த வகைக் காசுகளில் ஆர்வம் உள்ளவர்கள் நெடுமங்காடு கோயிக்கல் கொட்டாரத்தில் இருக்கும் நாணய அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போகலாம். கேரளத் தொல்லியல் துறை நடத்துவது.

நகைப்பட்டறை ஆசாரி உரசிப் பார்க்காமலே வெள்ளி என்றார். புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்றும் சொன்னார். தேய்க்காதீர்கள். சேகரிப்பவர்கள் பழைய வெள்ளியில் படிந்த கறுப்பை விரும்புகிறவர்கள், தேய்த்த காசுக்கு விலை இறங்கும்.

விலை என்றதும் நினைவுக்கு வருகிறது. போட்டோ போட்ட மறுநாளே ஒருவர் கூப்பிட்டு 3 லட்சம் தருகிறேன், ரிசர்வ் வங்கிப் பதிவுக் கட்டணம் மட்டும் முன்கூட்டியே அனுப்புங்கள் என்றார். பழைய காசு வாங்க விற்கக் கட்டணம் எதுவும் தாங்கள் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்திருக்கிறது. "சரி, கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்" என்றேன். லைன் கட்டாகிவிட்டது.