கான்கார்ட் வந்ததும் போனதும்: சில நாட்குறிப்புகள்

24 ஆகஸ்ட் 2024, சனி

சோனியின் ‘கான்கார்ட்’ கேம் நேற்று பிளேஸ்டேஷன் 5இலும் கணினியிலும் வெளியானது. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் அதை விளையாடியவர்களின் உச்ச எண்ணிக்கை 697. பிளேஸ்டேஷனில் விளையாடுவோரின் எண்ணிக்கை வெளியே தெரிவதில்லை. ஆயினும் ஐவருக்கு ஐவர் என்று இணையத்தில் மட்டுமே ஆடக்கூடிய ஒரு கேமுக்கு எதிரணி கிடைக்காவிட்டால், அதன் ஓவிய நேர்த்தியும் துப்பாக்கி சுடுவதில் உள்ள துல்லியமும் யாருக்கும் பயன்படுவதில்லை. ஆகஸ்ட் 20 அன்று வெளியான சீனாவின் ‘பிளாக் மித்: வுகோங்’ இதற்குள் ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டது. அதுவும் பல ஆண்டு உழைப்பில் உருவானதுதான் என்பதால், செலவு மிகுந்ததே தோல்விக்குக் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

எனக்குப் படுவது இதுதான். கான்கார்டை உருவாக்கிய ஃபயர்வாக் ஸ்டுடியோ 2018இல் தொடங்கப்பட்டது. அன்று, தனித்திறன் கொண்ட நாயகர்களைத் தேர்ந்தெடுத்து அணியாகச் சுட்டு விளையாடும் இந்த வகையின் முன்னோடியான ‘ஓவர்வாட்ச்’ விலைக்கு விற்கப்பட்டு வந்தது. அதன்பின் 2019இல் ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’, 2020இல் ‘வேலரண்ட்’ ஆகியவை இலவசமாகவே வந்தன; 2022இல் ஓவர்வாட்ச்சும் இலவசமாகிவிட்டது. 40 டாலர் விலையோடு இன்று வந்திருக்கும் கான்கார்ட், தான் கருக்கொண்ட நாளில் இருந்த சந்தைக்குப் பொருத்தமானது; அந்தச் சந்தை இப்போது இல்லை.

27 ஆகஸ்ட், செவ்வாய்

பெரிய கேம் ஒன்றுக்கு இவ்வளவு பணம் எங்கே போகிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். பெரும்பாலும் சம்பளத்துக்குத்தான். சம்பளம், இடம், கருவிகள் எல்லாம் சேர்த்து ஓர் ஆளுக்கு மாதம் 10,000 டாலர் என்று அமெரிக்க ஸ்டுடியோக்களில் நெடுங்காலமாக ஒரு தோராயக் கணக்கு உண்டு. இன்றைய செலவு அதைவிட அதிகம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்தை வாங்குவதை எதிர்த்து 2023 ஜூனில் நடந்த வழக்கில் சோனி தாக்கல் செய்த ஆவணத்தில், கறுப்பு மையால் மறைத்த எண்கள் நகலெடுத்தபோது தெரிந்துவிட்டன. ‘ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்’ கேமுக்கு ஐந்து ஆண்டுகள், உச்சத்தில் 300 பேர், 21.2 கோடி டாலர். 300 பேரையும் 60 மாதங்களையும் அந்தத் தோராயக் கணக்கில் பெருக்கினால் 18 கோடி வருகிறது. இரண்டுக்கும் அதிக தூரமில்லை.

ஆகவே இந்தத் தொழிலில் தாமதம் என்பதே செலவு. 300 பேர் கொண்ட குழுவுக்கு ஆறு மாதத் தாமதம் நேர்ந்தால், அந்தப் பழைய கணக்கிலேயே 1.8 கோடி டாலர் கூடுகிறது; அந்தப் பணத்தால் விளையாடுபவருக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. சென்னையில் எங்களைப் போன்ற ஒப்பந்த ஸ்டுடியோக்களில் அமர்ந்து ஒரு கதவையோ பாறையையோ ஆயுத உறையையோ முப்பரிமாணத்தில் செதுக்குபவர்களுக்கு அந்தத் தாமதம் சில வேளை கூடுதல் வேலையாகவும், பல வேளை திடீரென நின்றுபோகும் கோப்பாகவும் வந்து சேர்கிறது. காரணம் எங்களுக்குச் சொல்லப்படுவதில்லை.

4 செப்டம்பர், புதன்

கான்கார்டை 6ஆம் தேதியன்று இணையத்திலிருந்து எடுத்துவிடுவதாகவும், வாங்கிய அனைவருக்கும் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் அறிவித்திருக்கிறார்கள். பணத்தைத் திருப்பித் தருவது நேர்மையான முடிவு. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெளியான இரண்டே வாரத்தில், பல நூறு பேரின் பல ஆண்டு உழைப்பை விளையாட விரும்பினாலும் விளையாட முடியாத நிலை வருகிறது. தோற்ற திரைப்படத்தைப் பத்தாண்டு கழித்துப் பார்த்து, அதில் ஒளிப்பதிவு நன்று என்று யாராவது சொல்லக்கூடும். சர்வரை நிறுத்திவிட்ட கேமில் வேலை செய்த கலைஞருக்கு அந்த வாய்ப்பும் கிடையாது. பெருஞ்செலவு கேம்களின் ஆபத்தைப் பற்றி எழுதுபவர்கள் முதலீட்டாளரின் இழப்பை மட்டுமே கணக்கிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

7 செப்டம்பர், சனி

நேற்று கான்கார்ட் நின்றது. அதே நாளில், அதே சோனியிடமிருந்து ‘ஆஸ்ட்ரோ பாட்’ வெளியாகி எங்கும் பாராட்டைப் பெறுகிறது. அதைச் செய்த டோக்கியோவின் டீம் அசோபி, அறுபது பேரைச் சற்றே தாண்டிய சிறு குழு. தவறிப் போயிருந்தால்கூட அந்த ஸ்டுடியோ தாங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

15 செப்டம்பர், ஞாயிறு

தாங்க முடியாத அளவுக்குப் பந்தயம் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு, 38 ஸ்டுடியோஸ் நிறுவனத்தின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் புகழ்பெற்ற பந்துவீச்சாளர் கர்ட் ஷில்லிங், இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து விளையாடும் கேம்களின் மீது கொண்ட உண்மையான காதலால் அதை 2006இல் தொடங்கினார். வேலைவாய்ப்புப் பெருகும் என்ற நம்பிக்கையில் அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்ட், 2010இல் 7.5 கோடி டாலர் கடனுக்குப் பொறுப்பேற்று, மாசசூசெட்ஸில் இருந்த அந்த நிறுவனத்தைத் தன் தலைநகர் பிராவிடன்ஸுக்கு வரவழைத்தது. கட்டணங்களும் இருப்புத்தொகையும் போக ஸ்டுடியோவின் கைக்கு வந்தது ஏறத்தாழ 5 கோடி. கேமை முடிக்க அது போதாது என்பது கடன் பத்திரங்களை வாங்கியவர்களிடம் சொல்லப்படவில்லை என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2016இல் வழக்கே தொடுத்தது.

2012 பிப்ரவரியில் அவர்களுடைய ‘கிங்டம்ஸ் ஆஃப் அமலூர்: ரெக்கனிங்’ வந்தது. தொண்ணூறு நாளில் பன்னிரண்டு லட்சம் பிரதிகள் விற்றது. வேறு எந்தச் சிறு நிறுவனமும் அதைக் கொண்டாடியிருக்கும். இவர்களுக்கோ அது போதவில்லை, ஏனெனில் கனவு முழுவதும் ‘கோபர்னிகஸ்’ என்ற இன்னொரு பெரிய கேமில் இருந்தது. அது வருமானம் தரத் தொடங்கும்வரை ஒவ்வொரு மாதமும் நூற்றுக்கணக்கானோருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். மே மாதத் தொடக்கத்தில் மாநிலத்துக்கான தவணை தவறியது. மே 24 அன்று ஊழியர் அனைவருக்கும் மின்னஞ்சலில் வேலைநீக்கம் வந்தது. மருத்துவக் காப்பீடும் அத்துடன் முடிந்தது. பிராவிடன்ஸுக்குக் குடிபெயர்ந்த சிலர், நிறுவனம் விற்றுத்தருவதாகச் சொன்ன தங்கள் பழைய வீடுகள் விற்கப்படவே இல்லை என்பதையும், அவற்றின் கடன் இன்னும் தங்கள் பெயரிலேயே இருப்பதையும் அதன்பின் அறிந்தார்கள். ஜூனில் நிறுவனம் திவாலானது. வழக்குகளின் சமரசத் தொகையாக மாநிலத்துக்குச் சுமார் 6.1 கோடி டாலர் கிடைத்தது. வட்டியோடு சேர்ந்த மீதியை வரி செலுத்தும் மக்கள் சுமந்தார்கள். கோபர்னிகஸ் வெளிவரவே இல்லை.

ஐந்தாறு ஆண்டு கழித்து அறுக்கப்போகும் பயிருக்கு இன்றே விலை பேசி, அந்த விலையை நம்பி ஊரையே குடியேற்றிய கதை இது. ஷில்லிங் தம் சொந்தப் பணத்தையும் பெருமளவு இழந்தார், அதில் ஐயமில்லை. ஆனால் எவ்வளவு இழக்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை அவருக்கு இருந்தது. வீட்டுக் கடனோடு நின்ற ஊழியருக்கு அது இருக்கவில்லை.

30 அக்டோபர், புதன்

தீபாவளிக்கு முந்தைய நாள். ஃபயர்வாக் ஸ்டுடியோவை மூடுவதாக அமெரிக்காவிலிருந்து செய்தி வந்திருக்கிறது. கைபேசி கேம்களுக்காகச் சோனி 2022இல் வாங்கிய நியான் கோய் ஸ்டுடியோவும் சேர்த்தே மூடப்படுகிறது. அலுவலகத்தில் இனிப்புப் பெட்டிகளை வைத்துக்கொண்டு இதைப் பற்றித்தான் பேசினோம். ஃபயர்வாக்கைச் சோனி விலைக்கு வாங்கியது 2023 ஏப்ரலில்தான். வாங்கிய பதினெட்டு மாதங்களில் மூடுகிறார்கள். வாங்கியபோது அங்கே என்ன பார்த்தார்கள், யாரிடம் விளையாடக் கொடுத்துப் பார்த்தார்கள் என்ற கேள்விக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும்.

9 நவம்பர், சனி

நேற்றைய காலாண்டுக் கூட்டத்தில் சோனியின் தலைவர் ஹிரோகி டோடோகி ஓரளவு பதில் சொல்லியிருக்கிறார். பயனர் சோதனை, உள்மதிப்பீடு போன்ற தடுப்புகளை இன்னும் முன்னதாகவே வைத்திருக்க வேண்டும், சிக்கல்களை முன்பே கண்டு மேம்படுத்தியிருக்கலாம் என்பது அவர் பேச்சின் சாரம். இதை முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் எந்தக் கட்டத்தில் என்பதே முக்கியம். குழு முப்பது பேராக இருக்கையில், அடிப்படை ஆட்டம் மட்டும், உருவங்களுக்குப் பதில் வெறும் சாம்பல் நிறப் பெட்டிகளோடு ஓடும்போது, முன்பின் அறியாதவர்களை உட்காரவைத்துப் பார்த்து, அவர்கள் மறுநாளும் கேட்டு வராவிட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். முப்பது பேரை வேறு வேலைக்கு மாற்றுவது எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் கடினமில்லை. முந்நூறு பேரைச் சேர்த்து, உடைகளுக்கும் முகங்களுக்கும் அறிமுகக் காட்சிகளுக்கும் செலவழித்த பிறகு நடத்தும் சோதனையில் எந்த விடை வந்தாலும், நிறுத்தும் துணிவு யாருக்கும் வராது. அடுத்த முறை அந்தத் தடுப்பை எத்தனையாவது ஆளைச் சேர்ப்பதற்கு முன் வைக்கப்போகிறார்கள் என்பதை டோடோகி சொல்லவில்லை.