பழைய நேரமா, புதிய நேரமா?

1996ஆம் ஆண்டு என்றால் இலங்கையில் யாரைக் கேட்டாலும் லாகூர் என்பார்கள். மார்ச் 17, உலகக் கிண்ண இறுதிப் போட்டி, அரவிந்த டி சில்வாவின் ஆட்டமிழக்காத 107. எங்கள் வீட்டில் மட்டும் அது "அத்தை மகளுக்கு ஒரே நாளில் இரண்டு முறை காது குத்திய வருடம்". உண்மையில் குத்தியது ஒருமுறைதான். இரண்டாம் முறை நடந்ததற்கு என்ன பெயர் வைப்பதென்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை.

லாகூரையும் விட்டுவிட முடியாது. எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், லொறி பேட்டரியில் ஓடிய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில், நூறு பேரோடு சேர்ந்து அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். அவுஸ்திரேலியாவின் 241 ஓட்டங்களை நம்மவர்கள் துரத்தத் துரத்த பேட்டரி இறங்கிக்கொண்டே போனது. பேட்டரி இறங்கினால் படம் இரண்டு பக்கமும் ஒடுங்கும். அர்ஜுன ரணதுங்க வெற்றி ஓட்டத்தை அடித்தபோது ஒரு தீக்குச்சி அளவுக்கு ஆகியிருந்தார். அவரை அவ்வளவு மெலிந்து பார்த்தவர்கள் உலகத்திலேயே எங்கள் தோட்டத்துக்காரர்களாகத்தான் இருப்பார்கள்.

அதன் பிறகு மழை ஏமாற்றியது. நீர்த்தேக்கங்கள் வற்றின. நாடு முழுவதும் மின்வெட்டு. அரசாங்கம் யோசித்து, மே 25ஆம் திகதி நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவிட்டது. மாலையில் வெளிச்சம் நீண்டிருக்கும், சனங்கள் விளக்கைச் சுணங்கிப் போடுவார்கள், மின்சாரம் மிஞ்சும். நல்ல கணக்குதான். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், மின்சாரமே இல்லை என்பது ஒன்றுதான் அதில் சிறு குறை. காசல்ரீ நீர்த்தேக்கம் எங்கள் இஸ்தோப்பிலிருந்து, அதாவது வாசல் திண்ணையிலிருந்து, பார்த்தால் தெரியும். மின்சாரக் கம்பிகள் எங்கள் கொழுந்து மலையைத் தாண்டித்தான் கொழும்புக்குப் போயின. அவற்றின் கீழே நாங்கள் குப்பி லாம்போடு இருந்தோம். இல்லாத மின்சாரத்தைச் சேமிப்பதற்காக, கோழி கூவுவதற்கு முன்பே எழும்பவேண்டியதாயிற்று. காலையிலும் லாம்பு ஏற்றவேண்டி வந்ததால் எங்கள் வீட்டுக்கு வாரம் அரைப் போத்தல் மண்ணெண்ணெய் கூடுதலாகச் செலவானது. மின்சாரம் எவ்வளவு மிஞ்சியதென்று அரசாங்கம் கணக்குப் பார்த்திருக்கும். மண்ணெண்ணெய்க் கணக்கை அம்மா பார்த்தார்.

நான் அப்போது ஆண்டு ஆறு. பள்ளிக்கூடத்துக்குப் போகும் குறுக்குப் பாதையில் இருட்டு விலகியிருக்காது. டோர்ச் லைட் வைத்திருந்த பையன் முன்னால் போவான். மற்றவர்கள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போவோம். அவன் அட்டை கடித்து நின்றால் பதினோரு பேரும் நிற்போம்.

எங்கள் வீட்டில் இந்தப் புதிய நேரத்தை ஏற்காதவர் அப்பாவின் அம்மா, அப்பாயி ஒருவர்தான். அவரிடம் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்ட சமயம், ஊருக்குக் கிளம்பிய துரை ஒருவர் தாத்தாவிடம் விட்டுப்போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாவி கொடுக்கவேண்டும். சாவி அப்பாயியின் முந்தானை முடிச்சில் இருக்கும். மே 25 காலையில் அப்பா கடிகாரத்தின் முள்ளில் கைவைக்கப் போனபோது அப்பாயி கேட்டார்:

"சூரியனிடம் சொல்லிவிட்டார்களா?"

அப்பா கையை எடுத்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் இரண்டு நேரங்கள் ஓடின. அப்பாவின் கைக்கடிகாரத்தில் புதிய நேரம், சுவரில் பழைய நேரம். "எத்தனை மணி?" என்று கேட்டால், "எந்த நேரம்?" என்று பதில் கேள்வி வரும். வேலைக்குப் போக ஒன்று, விளக்கு வைக்க ஒன்று.

முதல் அடி அப்பாவுக்கு வானொலியில் விழுந்தது. இரவு 9.15க்கு லண்டனிலிருந்து பிபிசி தமிழோசை. அதைக் கேட்காமல் அப்பா சாப்பிட உட்காரமாட்டார். புதிய நேரப்படி 9.15க்கு வானொலியைத் திருகினார். இரைச்சல்தான் வந்தது. எங்கள் அரசாங்கம் மணியை மாற்றியது என்பதற்காக லண்டன்காரன் மாற்றுவானா? அப்பா வானொலியைத் தட்டினார், ஏரியல் கம்பியை முறுக்கினார், பேட்டரிக்கட்டைகளை வெயிலில் வைக்காததற்காக என்னைத் திட்டினார். சரியாக ஒரு மணித்தியாலம் கழித்து, சுவர்க் கடிகாரம் 9.15ஐக் காட்டியபோது, தமிழோசை கணீரென்று வந்தது. அப்பாயி ஒன்றும் பேசவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். பேசியிருந்தால்கூட அப்பாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஆகஸ்ட் விடுமுறையில் அப்புத்தளையிலிருந்து அழைப்பிதழ் வந்தது. அத்தை மகளுக்குக் காதுகுத்து. ஆவணி மாதம், திங்கட்கிழமை, காலை 9.30 முதல் 10.30 வரை. தாய்மாமன் மடி என் அப்பாவின் மடி. எல்லாம் தெளிவாக அச்சடித்திருந்தார்கள். பழைய நேரமா புதிய நேரமா என்பதை மட்டும் போடவில்லை.

"இதில் என்ன சந்தேகம்? நாட்டில் இருப்பது ஒரு நேரம்தான்" என்றார் அப்பா.

"பஞ்சாங்கம் கொழும்பில் எழுதுவதில்லை. இது பழைய நேரம்" என்றார் அப்பாயி.

ஞாயிற்றுக்கிழமையே போயிருந்தால் பிரச்சினை இல்லை. அப்பாவுக்கு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இரவு வேலை. எனவே திங்கள் விடியற்காலை கிளம்புவது, எதற்கும் பத்திரமாகப் புதிய நேரம் என்றே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஞாயிறு நள்ளிரவு கழிந்த கையோடு அம்மா ரொட்டி சுட்டு, கட்டச் சம்பல் இடித்து, வாழை இலையில் கட்டினார். சீர்த்தட்டு, பழத்தார், தேங்காய், அப்பாயி, நான், தங்கை என்று எல்லோரும் சந்திக்கு வந்தபோது கன்னங்கரேல் இருட்டு. ஐந்து மணிக்கு முதல் பஸ். ஐந்தானது. பஸ் வரவில்லை. ஐந்தரையானது. அப்பா கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்ற பெரியவர் சொன்னார்:

"இந்த பஸ் பழைய நேரந்தான் தம்பி. சாரதி எங்கள் லயத்துப் பையன். அவன் அம்மா புதிய நேரத்துக்கு எழுப்பமாட்டார்."

குளிரில் அப்பாயியின் பல் தந்தியடித்தது. ஆனாலும் முகத்தில் ஒரு களை.

அட்டன் நிலையத்துக்குள் நாங்கள் ஓடியபோது கோச்சி போயிருக்கவேண்டும். போகவில்லை. வழியில் தண்டவாளத்தில் மரம் விழுந்து கிடந்ததாம், வெட்டி எடுத்துவிட்டு ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தது. அதாவது பழைய நேரத்துக்குச் சரியாக வந்தது. அப்பாயி ஏறும்போது ரயில் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பயணத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்திருக்கும், அப்பா ஒவ்வொரு நிலையத்திலும் மணி சொல்லாமல் இருந்திருந்தால். சிங்கமலைச் சுரங்கத்துக்குள் பிள்ளைகள் எல்லோரும் ஊளையிட்டோம். அந்த இருட்டில் யாரோ எங்கள் ரொட்டிக் கட்டில் ஒன்றைக் குறைத்திருந்தார்கள். தங்கையைச் சந்தேகித்தோம். பட்டிப்பொலையில், இந்தப் பாதையின் மிக உயரமான நிலையத்தில், எல்லோரும் ஜன்னலில் தொங்கி மூடுபனியைப் பார்க்க, அப்பா மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஒன்பதரை. இப்போது குத்த ஆரம்பித்திருப்பார்கள்" என்றார். அவர் மடி வெறுமையாக இருந்ததை எல்லோரும் கவனித்தோம். அம்மா பழத்தாரை எடுத்து அதில் வைத்தார்.

அப்புத்தளையில் இறங்கி, தோட்டத்துப் பாதையில் ஓட்டமும் நடையுமாக அத்தை வீட்டு வாசலை அடைந்தபோது அப்பாவின் கையில் 10.45. அப்பாயியின் மனதில் 9.45. வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. உள்ளே சத்தமே இல்லை. சனங்கள் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். அத்தை மகள் மொட்டைத் தலையும் சிவந்த காதுமாக ஒரு கையில் லட்டு வைத்திருந்தாள்.

"எட்டரைக்கே முடித்துவிட்டோம் மச்சான். உங்களைக் காணவில்லை. பக்கத்து வீட்டுக் கங்காணி மடி கொடுத்தார்" என்றார் மாமா.

"எட்டரைக்கா? ஒன்பதரை என்றல்லவா போட்டிருந்தீர்கள்!"

"அது பழைய நேரம். ஒரு மணித்தியாலம் கழித்தால் எட்டரை" என்றார் மாமா, பெருமையாக.

கூட்டவேண்டியதைக் கழித்திருக்கிறார். யாரும் உடனே பேசவில்லை. மாமா தோட்டத்தில் கணக்கப்பிள்ளை என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும். எத்தனை பேருடைய கொழுந்து நிறை இந்தக் கையால் எழுதப்பட்டதோ என்று அம்மா என் காதில் முணுமுணுத்தார்.

அப்பாயி விரல் மடித்து எண்ணினார். புதிய நேரம் எட்டரை என்றால் பழைய நேரம் ஏழரை. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். "ராகு பிறக்கும் நிமிடத்தில் பிள்ளையின் காதில் ஊசியை வைத்திருக்கிறீர்களே மாப்பிள்ளை!"

மாமா அசரவில்லை. "நாடே புதிய நேரத்துக்கு மாறிவிட்டது அத்தை. ராகு மட்டும் பழைய நேரத்திலா இருப்பான்?"

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. "புதிய நேரத்துக்கு மாறியிருந்தாலும் எட்டரை ராகு காலந்தானே மாமா?"

மாமா என்னைப் பார்த்த பார்வையில் அன்றைக்கு எனக்கு இரண்டாவது லட்டு கிடையாது என்று தெரிந்தது. ஆனால் அப்பாயிக்குப் புது உற்சாகம் வந்துவிட்டது. அசல் முகூர்த்தம் இப்போதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் முக்கால் மணித்தியாலம் இருக்கிறது, தாய்மாமனும் வந்துவிட்டான், ஆசாரியைப் பிடித்து வாருங்கள் என்றார். ஆசாரி குத்துக்கூலி வாங்கிக்கொண்டு சந்திவரை போயிருந்தார். பையன்கள் ஓடிப்போய்க் கூட்டிவந்தார்கள். அவரைக் கண்டதும் அத்தை மகள் லட்டை எறிந்துவிட்டுத் தேயிலைச் செடிகளுக்குள் பாய்ந்தாள். மூன்று வயதுப் பிள்ளை தேயிலைக்குள் புகுந்துவிட்டால் கண்டுபிடிக்க முடியாது. சுற்றி வளைக்கவேண்டும். கைகழுவிய விருந்தாளிகள் அத்தனை பேரும் மலையில் இறங்கினார்கள்.

பிடித்து வந்து அப்பாவின் மடியில் வைத்தார்கள். மீண்டும் குத்த ஆசாரி மறுத்துவிட்டார், நல்ல மனிதர். போட்ட தோட்டைக் கழற்றி, மஞ்சள் தடவி, மறுபடியும் போடுவதென்று சமாதானமாயிற்று. பிள்ளை முதல் தடவையைவிட இரண்டு மடங்கு சத்தமாக அழுதாள் என்று கங்காணி தெரிவித்தார். அவருக்குத் தன் மடியைப் பற்றிக் கொஞ்சம் பெருமை.

அக்டோபரில் அரசாங்கம் ஒரு மணித்தியாலத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தது. இனி வித்தியாசம் அரை மணித்தியாலம். மாமாவுக்கு அது இன்னும் கடினம். அதன் பிறகு அவர் அனுப்பிய எந்த அழைப்பிதழையும் நம்பாமல், நாங்கள் முதல்நாளே போய் இறங்கிவிடுவோம்.

அந்த அரை மணித்தியாலம் பத்து வருடம் அப்படியே நின்றது. இடையில் லயத்துக்கு மின்சாரம் வந்தது, தொலைக்காட்சி வந்தது, அப்பாயிக்கு எண்பது தாண்டியது. சுவர்க் கடிகாரம் தன் பாட்டில் பழைய நேரத்தில் ஓடியது. 2006 ஏப்ரல் 15, சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு, நாடு பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டது. காலையில் வானொலியில் செய்தி கேட்ட அப்பாயி, திருநீறு பூசி, கடிகாரத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். லயத்தில் உள்ள அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டினார். "பத்து வருடம். ஒரு முள்ளைத் தொட்டிருப்பேனா?"

அன்று இரவு அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, சரியாக 9.15க்கு வானொலியைத் திருகினார். "நன்றி, வணக்கம்" என்று தமிழோசை முடிந்தது.

அப்பாயி நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

விடியற்காலையில் எழும்பி, கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னே திருப்பிய அப்பா, அரைத் தூக்கத்தில் சுவர்க் கடிகாரத்தையும் சேர்த்துத் திருப்பியிருக்கிறார்.