பகல் உறக்கம்

"பிள்ளை உறங்கும்போது நீயும் உறங்கிடு" என்று டிஸ்சார்ஜ் அன்று நர்ஸ் சொல்லி அனுப்பினார். பாளையங்கோட்டை அம்மா வீட்டில் முதல் சட்டமே, "ஏட்டி, பகல்ல உறங்காத, நீர் கோத்துக்கிடும்."

பிறந்த குழந்தை நாளுக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும்தான், ஆனால் துண்டு துண்டாக. பால் கொடுத்து, ஏப்பம் வரத் தட்டி, துணி மாற்றித் தூளியில் போட்டு நிமிர்ந்தால் எனக்கு முக்கால் மணி நேரம் மிஞ்சும். அதையும் எண்ணெய்க் குளியல், சாம்பிராணி, பார்க்க வருகிறவர்கள் என்று பங்கு போட்டுக்கொள்வார்கள்.

மூன்றாவது வாரம், ஒரு ராத்திரி சுவரில் சாய்ந்து பால் கொடுத்தபடியே கண் அசந்துவிட்டேன். முழித்தால் மடியில் பிள்ளை இல்லை. தலையணைக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து கிடந்தாள். மூக்கருகே விரலை வைத்தேன். மூச்சு சூடாகப் பட்டது. விடியும்வரை என் கை நடுக்கம் நிற்கவில்லை. காலையில் சொன்னபோது அம்மா நீர் கோப்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அன்றிலிருந்து ராத்திரி 9 முதல் 1 வரை பிள்ளை அம்மா பொறுப்பு. சாயங்காலமே பாலைப் பீய்ச்சி மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். பிள்ளை சிணுங்கினால் அம்மா கிண்ணத்தை வெந்நீரில் வைத்து, சில்லிப்பு போனதும் பாலாடையில் புகட்டுவாள். முதல் நாள் பாதிப் பால் கழுத்தில்தான் வழிந்தது. நானும் தூங்கவில்லை, அடுத்த அறையில் தூளிக் கம்பியின் கிறீச் சத்தத்தையே கேட்டுக் கிடந்தேன். மறுநாள் அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன். ஒரு மணிக்கு ஜாக்கெட் நனைந்து, மார்பு கல்லாகக் கனத்துத்தான் முழிப்பு வந்தது. அதற்குமேல் விடியும்வரை என் முறை: ட்யூப் லைட் கிடையாது, ஜீரோ வாட் பல்புதான், பிள்ளையிடம் பேச்சும் கிடையாது.

அப்படியும் அசதி போகவில்லை. ஆறாவது வாரச் செக்கப்பில் ஹீமோகுளோபின் 8.9. இரும்புச்சத்து மாத்திரையைக் காலைக் காப்பியோடு முழுங்கிக்கொண்டிருந்தேன். காப்பி இரும்பை உடம்பில் சேரவிடாதாம். சொன்ன டாக்டர் சிரிக்கவில்லை, நான்தான் சிரித்தேன்.

போன வாரம் மத்தியானம் பின்னறையில் படுத்திருந்தேன். திண்ணையில் எதிர்வீட்டு ஆச்சியின் குரல்: "எங்க உம்மவ, பகல்ல உறங்குதாளோ?"

"சே சே, குளிக்கா" என்றாள் அம்மா.

"அரை மணி நேரமாவா?"

போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.